கல்வெட்டில போடாத சங்கதியள்

அம்மா செத்த 31ஆம் நாளுக்கு அடிச்ச கல்வெட்டை, அதான் நினைவுப் புத்தகத்தை, நேற்று இன்னொருக்கா எடுத்துப் பாத்தன். நல்ல வழுவழுப்பான பேப்பர், அட்டையில அம்மா சிவப்புக் கரைச் சீலையோட சிரிச்சுக்கொண்டு நிக்கிறா (அந்தப் படம் ஒரு கலியாணவீட்டு குறூப் போட்டோவில இருந்து வெட்டினது, ஆரோ ஒராளின்ர தோள்மூட்டு இன்னும் ஓரத்தில தெரியுது), உள்ளுக்க பஞ்சபுராணம், திதி வெண்பா, பேந்து வாழ்க்கை வரலாறு. பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம், கலியாணம், அரசாங்க உத்தியோகம், பிள்ளையள், "அன்பும் பண்பும் நிறைந்த", "விருந்தோம்பலில் சிறந்த", எல்லாம் இருக்குது. நாய் இல்லை. ஒரு இடத்திலயும் இல்லை.

நான் எழுதிக் குடுத்த பேப்பரில இருந்தது. பெரியப்பாதான் வெட்டினவர். "கல்வெட்டில போய் நாயைப் பற்றிப் போடுறதே, சனம் சிரிக்குமெல்லோ" எண்டார். செத்தவீட்டு நேரத்தில ஆர் சண்டை பிடிக்கிறது, விட்டிட்டன். ஆனா எங்கட அம்மாவைத் தெரிஞ்ச ஆரிட்டயும் கேட்டுப் பாருங்கோ, முதல்ல நாயைச் சொல்லுவினம், அடுத்தது பென்சன் பைல். அது ரெண்டையும் எடுத்துப்போட்டு எழுதினா அது வேற ஆரோ ஒரு மனிசி. அதாலதான் இஞ்சை எழுதுறன்.

அம்மா 1979ல யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதான் மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு, ரைப்பிஸ்ட்டாப் போய்ச் சேர்ந்தவா. கண்டி வீதியால போய்வாற ஆக்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் பழைய பூங்கா இருக்குது, டைக் எண்ட வெள்ளைக்கார ஜீ.ஏ. (அரசாங்க அதிபர்) 1800களில உண்டாக்கின இடம், பெரிய பெரிய மரம், அந்த நிழலில எப்பவும் நாலைஞ்சு நாய் படுத்திருக்கும். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடிய அம்மா ஒரு சொப்பின் பையோட மேசை மேசையாப் போவாவாம், மிச்சச் சோறு, மீன் தலை, தோலோட கிடக்கிற பாண் எல்லாம் சேர்ப்பா. சேர்த்ததை அப்பிடியே கொண்டுபோய்க் கொட்டுறேல்லை, நிண்டு நிதானமா கோழி எலும்பைப் பொறுக்கி எறிஞ்சுபோட்டுத்தான் வைப்பா, சமைச்ச கோழி எலும்பு சிலும்பு சிலும்பா உடைஞ்சு நாயின்ர தொண்டையில குத்திப்போடும் எண்டு. அவவோட வேலை செய்த அன்ரி ஒராள் செத்தவீட்டில எனக்குச் சொன்னவா, "உங்கட அம்மாவுக்குப் பயத்தில நாங்கள் கறிக்கு உறைப்பைக் குறைச்சனாங்கள் தம்பி" எண்டு.

பிறகு பென்சன் பகுதிக்கு மாத்திச்சினம், அதுக்குப் பிறகு வேற வேற கந்தோர், ஆனா கடைசி வரைக்கும் அம்மா பென்சன் ஆள்தான். அது என்ன வேலை எண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். ஒரு வாத்தியாரோ ரெயில்வேயில இருந்த மனுசனோ செத்துப்போனா அவற்ற மனிசிக்கு விதவைகள் அநாதைகள் பென்சன் வரோணும், அதுக்கு மரண அத்தாட்சி, கலியாண அத்தாட்சி, பிள்ளையளின்ர பிறப்பு அத்தாட்சி, சேவைப் பதிவு எல்லாம் ஒண்டோடொண்டு பொருந்தோணும். எங்கட ஊரில எங்க பொருந்திறது. ஒண்டில கனகம்மா எண்டிருக்கும், மற்றதில கனகாம்பாள், இங்கிலீசில இன்னொரு விதம். இல்லாட்டி முழுப் பெட்டியும் இடம்பெயர்ந்ததில துலைஞ்சிருக்கும், வீட்டோட எரிஞ்சிருக்கும். அப்ப சத்தியக் கடதாசி முடிக்கோணும், பதிவாளர் கந்தோரில கொப்பி எடுக்கோணும், விதானையார் கையெழுத்து வைக்கோணும், அனுப்போணும், ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வரும், திரும்பவும் முதல்ல இருந்து.

"நாளைக்கு வாங்கோ." கந்தோர்ப் படியேறின சனம் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போன வசனம். அம்மா அதைச் சொல்லமாட்டா. வந்து இருந்த உடன "ஆராவது தீவால வந்தனீங்களோ?" எண்டுதான் முதல் கேக்கிறது. நெடுந்தீவில இருந்து ஒரு மனிசி வாறதெண்டா விடியவெள்ளன எழும்பி ஒரு மணித்தியாலம் கடலில, குறிகட்டுவானில இறங்கி பஸ் பிடிச்சு ரவுணுக்கு வரோணும், பின்னேரம் திரும்பிப் போற வள்ளத்தைத் தவறவிட்டா இரவுக்கு ஆற்ற வீட்டில போய்ப் படுக்கிறது? அதால அவைக்கு முதல். பக்கத்து ஒழுங்கையில இருந்து சைக்கிளில வந்தவை முறுமுறுப்பினம், அம்மாவின்ர காதில விழாது. கடிதம் எழுதுவிக்கக் காசு குடுக்கோணும் எண்டு ஆரும் சொன்னா அவவே ரைப்ரைட்டரில பேப்பரை ஏத்தி அந்த இடத்திலயே அடிச்சுக் குடுத்திடுவா.

ஒரு கந்தோரில (எதெண்டு சொல்லேல்லை) புதுசா வந்த மேலதிகாரி ஒராள் வாசலில படுத்திருந்த ரெண்டு நாயையும் பாத்திட்டு "மிஸ்ஸிஸ், இது கந்தோரோ நாய்க்கூடோ" எண்டு கேட்டவராம். அம்மா தலை நிமிராமல் ரைப் அடிச்சுக்கொண்டே "நாய் பைலைத் துலைக்கிறேல்லை சேர்" எண்டாவாம். இதை அம்மா எங்களுக்குச் சொன்னதே இல்லை. அதுவும் செத்தவீட்டில கேள்விப்பட்டதுதான்.

அம்மாவை எல்லாரும் "நல்ல இரக்கமான மனிசி" எண்டு சொல்லேக்க எனக்கு அது கொஞ்சம் இடிக்கும். இரக்கம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை, ஆனா கிட்ட இருந்து பாத்தா அது ஒருவித அந்தரம். வாசல்ல வந்து நிண்டு முகத்தைப் பாக்கிற ஒண்டை அவவால காக்க வைக்க ஏலாது, நாயோ விதவையோ, இருப்புக் கொள்ளாது அவவுக்கு. எழும்பிப் போய் ஏதாவது செய்தாத்தான் மூச்சு வரும். அந்த அந்தரத்தில வீட்டில சோறு அடிப்பிடிச்சதும் உண்டு, எங்கட பள்ளிக்கூடப் பெற்றார் கூட்டத்துக்கு அம்மா வராமல் விட்டதும் உண்டு. சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில பந்தி முடிய முதலே "நாயளுக்கு நேரமாச்சு" எண்டு வெளிக்கிட்டிடுவா, அதில முகம் முறிஞ்ச சொந்தம் இன்னும் இருக்குது.

நாயளுக்குப் பேர் வைக்கிறதிலயும் அம்மாவுக்கு ஒரு முறை. ஜிம்மி, ரைகர், சீசர் ஒண்டும் கிடையாது. எங்க கண்டெடுத்தவாவோ அந்த இடம்தான் பேர். எங்கட அரியாலை வீட்டு முத்தத்தில கொக்குவில், பாசையூர், முத்திரைச்சந்தி, தட்டாதெரு எண்டு எல்லாரும் இருந்தவை. படலையடியில நிண்டு "பாசையூர்ர்ர், சாப்பிட வா" எண்டு அம்மா கூப்பிட்டா ஒழுங்கையால போற புது ஆள் திரும்பிப் பாக்கும். அப்பா சொல்லுவார், "யாழ்ப்பாண மாவட்டம் முழுக்க என்ர முத்தத்தில படுத்திருக்குது, நான்தான் ஜீ.ஏ." எண்டு.

எல்லாம் பெட்டை நாய். ஏனெண்டா கடுவன் குட்டியைச் சனம் எடுத்திடும், பெட்டையை இரவோட இரவா உரப் பையில போட்டுக் கோயிலடியிலயோ சந்தையடியிலயோ கொண்டுபோய் விட்டிட்டு வந்திடுவினம். அம்மா காலமை கந்தோருக்குப் போற வழியில கண்டா லுமாலா சைக்கிளின்ர முன் கூடையில சாப்பாட்டுப் பார்சலுக்குப் பக்கத்தில வைச்சுக்கொண்டு வேலைக்குப் போயிடுவா. பின்னேரம் வரேக்க பார்சல் இருக்காது, குட்டி இருக்கும்.

1990ல சண்டை திரும்பத் தொடங்கினதில இருந்து எங்களுக்குக் கரண்ட் இல்லை. சவுக்காரம், பற்றறி, பெற்றோல் எல்லாம் தடை, மண்ணெண்ணையின்ர விலை கேக்கேலாது, ஜாம் போத்தல் விளக்கில திரியைச் சின்னனாக்கி வைச்சுப் படிச்ச காலம். அதுக்கு முதல் நாயின்ர உண்ணியைப் பிடுங்கிச் சிரட்டையில மண்ணெண்ணை விட்டு அதுக்குள்ள போடுறது வழக்கம். மண்ணெண்ணை துளிக்கணக்கில வந்த பிறகு அடுப்புத் தணல்தான். அம்மா கந்தோரால வந்து சீலையை மாத்தி, சோட்டியோட குசினி வாசல்படியில இருந்து, ரெண்டு முழங்காலுக்கும் நடுவில நாயின்ர தலையை வைச்சு, காதை உட்புறமா மடக்கிப் பிடிச்சு, நகத்தால அடியில குடுத்து இழுப்பா. தலை உள்ளுக்க நிண்டிட்டா புண்ணாகும், அதால முறுக்காமல் நேர இழுக்கோணும். இரத்தம் குடிச்சு ஊதின சாம்பல் நிற உண்ணி தணலில விழுந்த உடன டப் எண்டு வெடிக்கும், ஒரு மணம் வரும், அந்த மணத்தோடதான் நாங்கள் வாய்ப்பாடு பாடமாக்கினனாங்கள், ஏனெண்டா அம்மா அதே நேரத்தில எங்களிட்டப் பாடமும் கேப்பா, ஒரு கண் நாயின்ர காதில ஒரு கண் எங்கட கொப்பியில, "ம், பேந்து? சொல்லு அப்பன்" எண்டுகொண்டு. பேந்து கிணத்தடியில போய்ச் சாம்பல் போட்டுக் கை கழுவுவா. சவுக்காரம் எங்களுக்குக் குளிக்க மட்டும்.

பங்கருக்குள்ள முதல் இறங்கிறதும் நாயள்தான். சகடை (குண்டு போடுற பிளேன்) வாற சத்தம் எங்கட காதுக்குக் கேக்க முதலே கொக்குவில் எழும்பிப் பங்கர் வாசல்ல போய் நிக்கும், அதைப் பாத்துத்தான் நாங்கள் ஓடினனாங்கள்.

1995 ஒக்ரோபர் 30, ஆமி வருதெண்டு யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த நாள். அந்த நாளைப் பற்றி எல்லாரும் எழுதிப்போட்டினம், நான் எங்கட நாயளின்ர கதையை மட்டும் சொல்லுறன். பின்னேரம் ஒலிபெருக்கியில எல்லாரையும் வெளிக்கிடச் சொல்லிக்கொண்டு போச்சினம். அப்ப வீட்டில ரெண்டு நாய், பாசையூர் கிழவி, நடக்க ஏலாது, கொக்குவில் ஓடியாடித் திரியிற வயசு. அப்பா சைக்கிள் கரியரில கட்டி வைச்ச உடுப்புச் சூட்கேசை அம்மா அவிட்டுத் திண்ணையில வைச்சிட்டு அந்த இடத்தில ஒரு கடகத்தைக் கட்டி அதுக்குள்ள பாசையூரை ஏத்தினா. அப்பா "உமக்கு விசரே, உடுப்பில்லாமல் என்ன செய்யிறது" எண்டு கத்த, அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. கொக்குவில் எங்களோட நடந்து வந்தது.

செம்மணியால நாவற்குழிப் பாலத்துக்குப் போற றோட்டில சனம் அசையேல்லை. லட்சக்கணக்கில சனம், சைக்கிள், மாட்டுவண்டில், லான்ட்மாஸ்ரர், கைக்குழந்தையள், கதிரையில வைச்சுத் தூக்கிக்கொண்டு போற கிழவியள், மேல மழை, தண்ணி விடாய்க்குக் குடையைக் கவிட்டுப் பிடிச்சுக் குடிக்கிற சனம். பாலத்துக்குக் கிட்ட எங்கயோ கொக்குவில் கைவிட்டுப் போச்சுது. அம்மா சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு அந்த இருட்டுக்க நிண்டு "கொக்குவில்! கொக்குவில்!" எண்டு கூப்பிட்டா. பக்கத்தில குழந்தையைத் தோளில போட்டுக்கொண்டு வந்த ஒராள் திரும்பி, "நாங்கள் கொக்குவில்தான் அக்கா, நீங்கள் ஆரைத் தேடுறியள்?" எண்டு கேட்டவர். பின்னாலயும் ரெண்டு மூண்டு குரல், "நாங்களும் கொக்குவில்தான், என்ன, ஆரைக் காணேல்லை?"

அம்மா அவைக்கு என்ன சொன்னவா எண்டு எனக்கு ஞாபகம் இல்லை. நாயைத் தேடுறன் எண்டு அந்த இடத்தில எப்பிடிச் சொல்லுறது.

பாசையூர் கொடிகாமத்தில செத்துது, வயசு போய்த்தான், ஒரு மாமரத்துக்குக் கீழ தாட்டனாங்கள். 1996ல திரும்பி வரேக்க வீட்டில கதவில்லை, யன்னல் இல்லை, சூட்கேசும் இல்லை, ஓட்டில பாதி இல்லை. குசினி மூலையில ஒரு பெட்டை நாய், முன்னப்பின்னக் காணாத நாய், குட்டியளோட படுத்திருந்து பல்லைக் காட்டி உறுமுது. அப்பா தடியை எடுத்தார். அம்மா குறுக்க வந்து, "விடுங்கோ அப்பா, இவ்வளவு நாளும் அவள்தானே வீட்டைப் பாத்தவள்" எண்டா. குட்டியள் எழும்பி நடக்கும் வரைக்கும் நாங்கள் முத்தத்தில மூண்டு கல்லு வைச்சுச் சமைச்சனாங்கள், குசினி அவவுக்கு. அந்த நாய்க்கு மட்டும்தான் இடத்தின்ர பேர் வைக்கேல்லை. வீட்டுக்காரி எண்டுதான் கூப்பிட்டது. கொக்குவில் வரேல்லை.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேறினா எங்கட வீட்டில வேற ஒரு பிரச்சினை. 25 நாளும் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் இல்லை, சட்டிபானை எல்லாம் கழுவிக் கவிட்டாச்சு, அப்பா விரதம். நாய் விரதம் பிடிக்குமே? அம்மா வளவுக்குப் பின்பக்கம் வாழைக்குக் கீழ கல்லு வைச்சு, அதுக்கெண்டு ஒரு ஒடுங்கின அலுமினியச் சட்டியில குருணலும் சூடைக் கருவாடும் போட்டு அவிப்பா, அவிச்சிட்டு ரெண்டாந்தரம் தோய்ஞ்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவா. காத்து இஞ்சால அடிச்சா மணம் நேர சாமியறைக்கு வரும். "எனக்குப் பூசணிக்காய், உம்மட நாயளுக்குக் கருவாடோ" எண்டு அப்பா ஒவ்வொரு வருசமும் கேப்பார், பகிடியாத்தான், ஆனா பதினைஞ்சாம் திருவிழா தாண்டினா அவ்வளவு பகிடி இல்லை.

ஒழுங்கையில எல்லாருக்கும் நாய் பிடிச்சதெண்டு இல்லை. முன்வீட்டு மாமி கல்லு எறிவா. அவவின்ர வளவு மூலையிலதான் வைரவர் கோயில், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதும் அவதான். அம்மா ஒருநாள் வேலிக்கு மேலால, "மாமி, வைரவருக்கு வடைமாலை சாத்துறியள், அவற்ற வாகனத்துக்குக் கல்லோ?" எண்டு கேட்டிட்டா. மாமி கனகாலம் கதைக்கேல்லை. பேந்து மாமியின்ர மனுசன் செத்து, பென்சன் பைலை அம்மாதான் முடிச்சுக் குடுத்தவா. கல்லு நிண்டுது. நாயில பாசம் வந்திட்டுது எண்டு நான் சொல்லமாட்டன், கல்லு நிண்டுது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு நாய் எண்டா கண்மண் தெரியாது எண்டும் இல்லை. ஒருக்கா சந்தையடியில ஒரு நாய் கெண்டைக்காலில கடிச்சிட்டுது, அந்த இடத்திலயே கடைக்காரரிட்டச் சவுக்காரம் வாங்கிப் பைப்பைத் திறந்துவிட்டுக் காமணித்தியாலம் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துக் கழுவினவா, பேந்து நேர ஆஸ்பத்திரி, ஒரு ஊசி தவறவிடேல்லை. விசர்நாய்க்கடிக்கு வருத்தம் வெளிக்காட்டின பிறகு மருந்து பலிக்காது எண்டு எங்களுக்கு அடிச்சு அடிச்சுச் சொல்லுவா. ஒவ்வொரு வருசமும் நாய்க்கு ஊசி போடுற அண்டைக்கு எல்லாத்தையும் கயித்தில கட்டி இழுத்துக்கொண்டு போவா, ஒழுங்கை நாயளையும் சேர்த்து. 2006ல நாயளைப் பிடிச்சுக் கொல்லுறதை நாட்டில நிப்பாட்டி, இனி ஊசியும் குட்டி போடாத ஒப்பரேசனும்தான் எண்டு வந்த நேரம் அம்மா சந்தோசப்பட்டவா. அதே வருசம் ஆவணியில யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வாற ஏ9 பாதை சண்டையால பூட்டினது. சங்கக்கடையில அரிசிக்கு வரிசை, அரைத்த தேங்காய்ப்பூச் சக்கையைச் சோத்தில பிசைஞ்சுதான் நாயளுக்கு. நாயள் மெலிஞ்சுது, நாங்களும்தான்.

ரிட்டயர் பண்ணின பிறகு தங்கச்சி கனடாவுக்குக் கூப்பிட்டு, விசாவும் வந்தது. அம்மா போகேல்லை. "நான் போனா இதுகளை ஆர் பாக்கிறது" எண்டு ஒரே வசனம். தங்கச்சிக்கு அதில இப்பவும் கோவம், நாயை விட நான் குறைஞ்சிட்டனோ எண்டு. அவளின்ர கோவம் நியாயம் எண்டுதான் நான் நினைக்கிறன். அம்மாவின்ர அந்தரம் கண்ணுக்கு முன்னால நிக்கிற ஆக்களுக்குத்தான், போனுக்கு அங்கால இருக்கிற ஆளுக்கு வேலை செய்யாது.

2022 ஆடியில அம்மா போனா. கான்சர். பெற்றோல் இல்லாத நேரம், செத்தவீட்டுக்கு வந்த சனம் முக்கால்வாசி சைக்கிளில, வேலி முழுக்க சைக்கிள் சாத்தியிருந்ததைப் பாத்து அப்பா "தொண்ணூறாம் ஆண்டு மாதிரிக் கிடக்கு" எண்டார், அண்டைக்கு அவர் கதைச்சது அது ஒண்டுதான். தீவுப்பக்கமிருந்து எனக்குத் தெரியாத வயசுபோன மனிசியள் கொஞ்சப் பேர் வந்து ஒரு மூலையில இருந்து அழுதவை. எட்டுச் செலவுக்கு அம்மாவுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படைச்சு, முடிய ஒரு பங்கை ஒழுங்கை முடக்கில கொண்டுபோய் வைச்சம். நாங்கள் திரும்ப முதலே தட்டாதெருவும் மற்றதுகளும் வந்து வழிச்சுத் துடைச்சிட்டுதுகள். பெரியப்பா கலைக்கப் போனார், அப்பா அவற்ற கையைப் பிடிச்சு நிப்பாட்டினார்.

பேந்து பைல். மனிசி அரசாங்க உத்தியோகமா இருந்து செத்தா புருசனுக்கும் பென்சன் இருக்குது, அதுக்கு அப்பாவோட போனன். கவுண்டரில இருந்த பிள்ளை பத்திரங்களைப் பிரட்டிப் பாத்திட்டு என்னை நிமிர்ந்து பாத்தா. அம்மாவின்ர பிறப்பு அத்தாட்சியில ஒரு பேர், கலியாண அத்தாட்சியில ஒரு எழுத்து வேற. ஊர் முழுக்க இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தின மனிசி தன்ர பைலைத் திறந்து பாக்கேல்லை. அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கினது, "எனக்கு வேலை பழக்கினதே மிஸ்தான் அண்ணா" எண்டா. சத்தியக் கடதாசிக்கு என்ன எழுதோணும் எண்டு அந்த இடத்திலயே அடிச்சுக் குடுத்தா. நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லேல்லை.

அப்பா இப்ப காலமை அஞ்சு மணிக்கு எழும்பிக் குருணல் அவிக்கிறார். ஆரும் பாத்தா "வேற ஆர் செய்யிறது" எண்டு புறுபுறுப்பார். இந்த நல்லூருக்கும் வாழைக்குக் கீழ கருவாட்டுச் சட்டி ஏறினது, ஏத்தினது விரதக்காரர்தான்.

வீட்டுக்காரியின்ர வழியில வந்த ஒண்டு ஒப்பரேசனுக்குக் கொண்டுபோக முதல் முந்திக்கொண்டு குட்டி போட்டிட்டுது, நாலு குட்டி, கடுவன் ரெண்டையும் ஆக்கள் எடுத்திட்டினம், பெட்டை ரெண்டு நிக்குது, ஒண்டு கறுப்பு, மற்றது மண் நிறத்தில நெத்தியில வெள்ளை. தெரிஞ்ச ஆக்கள் ஆருக்கும் வேணுமெண்டா அப்பாவிட்டச் சொல்லுங்கோ. முதல் ஊசி போட்டுத்தான் தருவார். சங்கிலியில கட்டி வைக்கிற ஆக்களுக்கு இல்லை, கேற் இல்லாத வீட்டுக்கும் இல்லை, ஆள் வந்து வீட்டைப் பாத்திட்டுத்தான் குடுப்பார், முந்தி அம்மாவே இவ்வளவு கெடுபிடி பண்ணினதில்லை.